சீசன் இல்லாத மாதம்

தனி வண்டி, முழு நாள், நாலு இடம்,
சாயங்காலம் மேட்டுப்பாளையத்தில் ரயிலுக்கு இறக்கிவிட வேண்டும்.
மூவாயிரத்து எண்ணூறு என்றேன்.
பேரம் பேசவில்லை அந்த ஆள்.
பேரம் பேசாதவர்களைக் கண்டால் எனக்குப் பயம்.

குன்னூர் ஸ்டேஷன் வாசலில்
ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட அம்மாள், நுஸ்ரத்.
அவர் தௌகீர். ஊர் ஆக்ரா.
ஜூனில் அங்கே நாற்பத்தாறு டிகிரி,
பளிங்கில் கால்வைக்க ஆளில்லை,
அதனால் லீவு என்றார்.
என்ன வேலை சார்?
கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
'உன் வேலைதான், போஜன் பாய்.'

அத்தோடு நாக்கு ஒட்டிக்கொண்டது.
பதினேழு வருஷமாய் ஒப்பிக்கிற சிம்ஸ் பூங்கா
ருத்ராட்ச மரத்தடியில் பாதியில் நின்றது.
ஏதோ ஒரு வருஷத்தைத் தப்பாகச் சொன்னேன்.
அவர் திருத்தவில்லை. தொழில் தெரிந்தவர்.

டீத்தூள் கடை வாசலில் காதோரம் கேட்டார்,
எத்தனை பர்சன்ட்?
பதினைந்து.
உச்சுக்கொட்டினார்.
அங்கே பளிங்குச் சாமான் கடையில் நாற்பதாம்.
உள்ளே போய், தேவையே இல்லாமல்
இரண்டு கிலோ வாங்கி வந்தார்.

டால்பின் நோஸில்
மலை இல்லை.
கேத்தரின் அருவி இல்லை.
கம்பிக்கு அப்பால் யாரோ
வெள்ளையடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.
கேரட் விற்கிற பெண் இருந்தாள்,
அவளும் இடுப்புக்கு மேல்தான்.

இந்த இடத்தில் நான் மன்னிப்புக் கேட்பது வழக்கம்,
இருநூறு ரூபாய் குறைத்துக்கொள்வதும்.
வாயெடுக்கும்முன் அவர் சிரித்தார்.
ஜனவரியில் எனக்கும் இதேதான்.
பெல்ஜியத்திலிருந்து வந்தவர்களை
விடிகாலை எழுப்பிக் கூட்டிப்போய்
வெள்ளையில் வெள்ளையைக் காட்டுவேன்.
ஒரு பைசா குறைத்ததில்லை.

அந்த அம்மாள் ஏதோ சொன்னாள்.
பயணிகள் சீட்டில் விட்டுப்போன இந்தி
என்னிடம் கொஞ்சம் உண்டு.
'இருபத்தாறு வருஷம். ஒருநாள் என்னைக் கூட்டிப்போனீர்களா?'
நம் மொட்டைமாடியிலிருந்தே தெரிகிறதே.
'துணி காயப்போடும்போது கும்பம் தெரியும்.
நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பது தெரியாதே.'

தோளைப் பிடித்து
இரண்டடி இடப்பக்கம் நகர்த்தி நிறுத்தினார் அவளை.
தொண்டையைச் செருமினார்.
வேறு குரல் வந்தது.
வாசலிலிருந்து பார், பெரிது.
கிட்டே போகப்போக அது பின்வாங்கும்.
நாலு தூண்களும் வெளிப்பக்கம் சாய்ந்தவை,
பூமி அதிர்ந்தாலும் அவள்மேல் விழக்கூடாதென்று.
அவர் கை காட்டிய திசையில்
மூட்டம் திரண்டு நின்றது.
கேரட்காரியும் திரும்பிப் பார்த்தாள்.
நடுவில் ராணி. ராஜா பிறகு வந்து
பக்கத்தில் ஒண்டிக்கொண்டார்.
அவ்வளவு பெரிய கணக்கில் பிசகிய இடம்
அது ஒன்றுதான்.

இங்கே கொஞ்சம் நிறுத்துவார் போல.
கைதட்டலுக்கோ, போட்டோவுக்கோ.

'அவள் பதினாலாவது பிரசவத்தில் செத்தாள்.
அதை எங்கே சொல்வீர்கள்?'

மூட்டம் அசையவில்லை.
அது என் டூரில் இல்லை, என்றார்.
அவருடைய பழைய குரலில்.

இறங்கும்போது மழை பிடித்தது.
முன்சீட்டில் அவள்தான் உட்கார்ந்தாள், தலைசுற்றல் என்று.
வளைவுப் பலகை ஒவ்வொன்றையும்
சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தாள்.
பதினாலு. பதிமூன்று. பன்னிரண்டு.
பின்சீட்டில் டீத்தூளை மடியில் வைத்துக்கொண்டு
அவர் ஜன்னலைத் துடைத்தபடி இருந்தார்.
ஏழில் ஒரு லாரி ஏறிவந்தது, காத்திருந்தோம்.
மூன்று. இரண்டு.
ஒன்றாம் வளைவு தாண்டியதும்
மழை விட்டிருந்தது, பாக்குத்தோப்பு, வெக்கை.
அவள் ஒரு ஸ்வெட்டரைக் கழற்றினாள்.

பணத்தை எண்ணாமல் கொடுத்தார்.
எண்ணினேன். ஐந்நூறு கூட.

தனியாகத் திரும்பி ஏறினேன்.
ஒன்று, இரண்டு என்று பலகைகள்
விளக்கு வெளிச்சத்தில் வந்துகொண்டே இருந்தன.
பார்க்காமல் ஓட்ட முடியாது அந்தச் சாலையில்.
பதினாலில் ஹாரன் அடித்தேன்.
எதிரே ஒருவரும் வரவில்லை.