சகலனுக்கு மூன்று நாவல்கள்

வூப்பெர்டாலில் தொங்கி ஓடும் ரயிலில்
முழங்கால்மேல் ஒரு பை,
பைக்குள் மூன்று நாவல்கள்.
கீழே ஆறு, தேத்தண்ணி நிறத்தில்.

சகலன் கமலேந்திரன் வீட்டுக்குப் போகிறேன்.
கண்ணாடி அலுமாரிக்குப் பூட்டுப் போட்டவர்.
ஆயிரம் வருசத்துக்கு இந்தப் பக்கம் எழுதியது எதையும்
இன்னும் மை காயவில்லை என்று தொடமாட்டார்.
பிறந்தநாள் வீட்டில் கேக்குக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு
நேரசை நிரையசையை
மேசையில் தட்டித் தட்டிக் காட்டுவார்.
மெழுகுதிரி உருகி ஐசிங்கில் விழும்.

போன கார்த்திகையில் வாய்விட்டுவிட்டேன்:
"இப்ப எழுதுறதிலயும் சிலது நல்லாக் கிடக்கு, அண்ணை."
"கொண்டு வாரும்" என்றார்,
மிச்சக் காசை எண்ணிப் பார்க்கிறவரின் முகத்தோடு.

நான் பார்ப்பது இறைச்சி வேலை,
சூப்பர் மார்க்கெட்டின் பின்னறையில், இரண்டு பாகைக் குளிரில்.
அவர் சொல்லும் இறைச்சி வேறு.
செய்யுளில் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது,
சொல்லாமல் விட்டதைச் சொல்வது.
"நீர் வெட்டுறீர், நான் தேடுறன்" என்பார்
ஒவ்வொரு வருசமும்.
ஒவ்வொரு வருசமும் சிரித்திருக்கிறேன்.

முதல் நாவலை எடுத்தது
அதில் மழை நன்றாகப் பெய்வதால்.
காத்திருக்கிற ஒருத்தியும் இருக்கிறாள்.
பழகிய பாதை, கால் இடறாது என்று நினைத்தேன்.
இரண்டாவது போர்.
யானையும் கொடியும் இல்லாத போர்:
ஒரு பங்கர், ஏழு பேர், ஒரு கோழி.
மூன்றாவதைக் கொடுப்பதா விடுவதா என்று
நிலையத்துக்கு நிலையம் மனம் மாறியது.
ஒருத்தி இரவில் அலுவலகங்கள் துடைக்கிறாள்.
அவ்வளவுதான் கதை.
இருநூற்று எண்பது பக்கம்.

கதவைத் திறந்தது தவமலரக்கா.
ஒரு கால் சப்பாத்துக்குள், வாயில் பாண் துண்டு,
ஐந்தேகால் பஸ்ஸுக்கு வெளிக்கிட்டபடி.
"கதைப் புத்தகமோ? இவருக்கோ?"
படியிறங்கும்வரை அவவின் சிரிப்புக் கேட்டது.

பத்தாம் நாள் போன்.
"பிள்ளை காத்திருக்கிறாள், சரி.
தோழி எங்க?
தன்ர துயரத்தை ஆரிட்டச் சொல்லுறாள்?"
"எங்களிட்ட, அண்ணை."
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.

இரண்டாவதற்கு ஒரே வசனம்:
"அந்தக் கோழியைப் பற்றி இனி
ஒருத்தரும் என்னோட கதைக்கக் கூடாது."

மூன்றாவது பற்றிப் பேச்சே இல்லை.
தை போனது, மாசி போனது.
நளாயினியின் பிறந்தநாளுக்கு வந்தார், மேசையில் தட்டவில்லை;
ரோல்ஸ் இரண்டு தின்றார், போனார்.
சொந்தத்துக்குள் கொடுத்த காசையும் புத்தகத்தையும்
கேட்கிற வழக்கம் எங்களில் இல்லை.

பங்குனியில் ஓர் இரவு, பதினொன்றரை.
விடிய நாலு மணிக்கு எனக்கு வேலை.
"நித்திரையே?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
"நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
வாளித் தண்ணிக்குள்ள கையை வச்சுக்கொண்டு நிற்கிறாள்.
தண்ணி ஆறுமட்டும் நிற்கிறாள்.
ஏனெண்டு எழுதேல்லை."
"ஓம்."
"அடுத்த பக்கத்திலயும் எழுதேல்லை."
"ஓம், அண்ணை."
"உதுக்கு என்ன பேரெண்டு உமக்குத் தெரியும்தானே?"
தெரியும்.
நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

அந்தப் பக்கம் கதவில் சாவி திரும்பியது.
"அவ வந்திட்டா, வையும்" என்றார்,
தான் வைக்க மறந்தார்.

இருட்டில், காதோடு போன்.
குழாய்த் தண்ணீர். கேத்தலின் மூடி.
இருபத்திரண்டு வருசம் அந்த வீட்டில்
தேத்தண்ணி எங்கிருந்து வருகிறது என்று
அவர் பார்த்து நான் அறியேன்.

பிறகு அவர் குரல்,
சீர் பிரிக்காமல், தட்டாமல்:
"அங்க உனக்குச் சுடுதண்ணி தாறவங்களோ?"

"எங்க?" என்றா தவமலரக்கா.
ஒரு சப்பாத்து
தரையில் விழுந்த சத்தம்.
மற்றதற்கு நெடுநேரம் எடுத்தது.