ஐந்தாம் நம்பர்

பதினைந்தாம் தேதி
என் சட்டைப் பையில்தான் சத்தம் கேட்கும்.
கணக்கு பவளக்கொடி பேரில்,
போன் நம்பர் என்னுடையது.
பணம் அவளுக்கு,
எனக்கு ஒரு 'டிங்'.

கேத்தி பாலாடாவில்
ராத்திரி ஒரு மணிக்குக் கேரட் பிடுங்கப் போவோம்.
விடிவதற்குள் கழுவி மூட்டை கட்டி
லாரி மேட்டுப்பாளையம் இறங்கியாக வேண்டும்.
நெற்றியில் கட்டிய டார்ச்சில்
ஆளுக்கொரு வட்டம் மண் தெரியும்.
அதற்கு வெளியே மலை இருக்கிறதா என்று
யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அவள் காலில் என் பழைய பூட்ஸ்.
ஒன்பதாம் நம்பர்.
முனையில் சேலைக் கிழிசல் திணித்து
கணுக்காலில் சணல் கட்டி
சேற்றில் ஒவ்வொரு எட்டுக்கும்
பூட்ஸ் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.
பதினோரு வருஷம்.
நான் பக்கத்து வரிசையில்தான் இருந்தேன்.

முதல் ஆயிரம் பீரான் கடை நோட்டுக்குப் போனது.
இரண்டாவதும் அதே நோட்டுக்கு.
மூன்றாம் மாசம்
ஒரு லிட்டர் எண்ணெய் வாங்கி வந்தாள், முழுசாக.
அதுவரை எங்கள் வீட்டு எண்ணெய்
பத்து ரூபாய்ப் பாக்கெட்டில் வரும்,
மூலையைப் பல்லால் கடித்துத் திறப்போம்.
இந்தப் பாட்டிலுக்கு மூடி இருந்தது.
சின்னவன் திறந்து மூடி, திறந்து மூடி
இரண்டு நாள் விளையாடினான்.
பீரான் அன்றைக்கு
"என்ன வேணும்?" என்றாராம்.
முன்பெல்லாம் "எவ்வளவு தர்றே?" என்பார்.
அதை வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சொன்னாள்.

ஆடியில் நாலு நாள் விடாத சாரல்.
மேஸ்திரி துரைக்கண்ணு
கீழே ஜீப்பை நிறுத்தி ஹாரன் அடிக்கிறார்.
சின்னவன் நெஞ்சில் சளி கரகரக்கிறது.
போன வருஷமென்றால்
மூத்தவள் மடியில் அவனைப் போட்டுவிட்டு ஏறியிருப்பாள்.
அட்வான்ஸ் வாங்கின வாயில்
'இல்லை' எங்கே வரும்?
அன்று கதவை ஒரு சாண் திறந்து
"இன்னிக்கு வரலண்ணா" என்றாள்.
ஹாரன் இன்னொரு தரம் அடித்துப் பார்த்தது.

பொய் சொல்வானேன்,
எனக்குக் கோபம்தான் வந்தது.
ஒரு ராத்திரிக் கூலி போச்சே என்று.
ஜீப்பில் யாரோ
"பணம் வந்ததும் கொழுப்பு" என்றதற்கு
நானும் கூடச் சிரித்தேன்.
காலையில் வந்தால்
அவன் அவள் தோளில் வாய் பிளந்து தூங்குகிறான்,
கஷாயம் கொதித்த வாசனை.
எனக்கும் ஒரு டம்ளர் வைத்திருந்தாள்.

ஒரு மாசம் பாங்கு எதற்கோ பிடித்துக்கொண்டு
எண்ணூற்றுச் சொச்சம்தான் விட்டுவைத்தது.
கியூவில் நின்று போய்க் கேட்டாளாம்,
"ஏன் பிடிச்சீங்க?"
பதில் ஒன்றும் உருப்படியாக இல்லை.
கவுண்டர்க்காரர் நிமிர்ந்து பார்த்தாராம், அவ்வளவுதான்.
நாங்கள் பிடுங்கும் கேரட்
கீழே கிலோ என்ன விலை போகிறதென்று
துரைக்கண்ணுவை
நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஐப்பசியில் ஊட்டி மார்க்கெட்.
பொம்பளைக் காலுக்கு பூட்ஸ் உண்டா என்று
நாலு கடை ஏறி இறங்கினாள்.
ஐந்தாவதில் பச்சை நிறத்தில் ஒரு ஜோடி,
ஐந்தாம் நம்பர்.
நானூற்று இருபது சொல்லி முன்னூற்று அறுபதுக்கு முடிந்தது.
பஸ்ஸிலேயே போட்டுக்கொண்டாள்.
செருப்பு என் கையில்.

அன்று ராத்திரி
அவள் வட்டம் என் வட்டத்தைத் தாண்டிப் போனது.
சளக் சளக் சத்தம் இல்லாததால்
பக்கத்தில் ஆள் இருப்பதே தெரியவில்லை.
"மெதுவா போடி" என்றேன்.
காதில் விழுந்ததோ என்னவோ.

தனக்கென்று ஒரு போன் வாங்கி
நம்பரை மாற்றப் போகிறாளாம்.
சரி என்றேன். சரி என்றுதான் சொன்னேன்.

என் பூட்ஸ் திரும்ப என்னிடம் வந்தது.
முனைக்குள் கையை விட்டு
அவள் திணித்த துணியை இழுத்தேன்.
வந்தது,
இன்னும் வந்தது,
இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.