அறுபத்தொன்றே கால்

காலை நாலே முக்காலுக்கு டிராமை எடுக்கிறேன்.
ஐந்து பத்துக்கு ரைன் பாலம், அப்புறம் ஹெல்வார் கோபுரம்.
அந்த நேரத்தில் மூன்று மாடிகளில்தான் விளக்கு.
இருபத்திரண்டு வருடமாக அங்கே ஆட்களை இறக்கிவிட்டிருக்கிறேன்:
வெள்ளை மேலங்கியைப் பையில் சுருட்டி வருபவர்கள்,
எலிக்கூண்டு கழுவும் போர்த்துகீசியப் பெண்கள்,
கண்ணாடிக் கதவைப் பார்த்து டை முடிச்சைச் சரிசெய்யும் பையன்கள்.
ஒரு நாளும் தோன்றியதில்லை,
அந்தச் சுவரில் ஒரு செங்கல் எனதாகலாம் என்று.

அத்தை ஒட்டீலி விட்டுப்போனது எண்பதாயிரம் ஃபிராங்க்.
வங்கியில் கீகாக்ஸ் காபி கொடுத்தார்.
வட்டி என்ற சொல்லை
காலமானவர் ஒருவரின் பெயரைப்போலத் தாழ்ந்த குரலில் சொன்னார்.
பிறகு, ஹெல்வாரைப் பாருங்கள், என்றார்.
டிவிடெண்ட் தவறியதே இல்லை.
சிறுநீரகத்துக்கு ஒரு புது மாத்திரை, மூன்றாம் கட்டச் சோதனையில்.
ஜெயித்தால் தொண்ணூறு.
தோற்றால்?
காபியைக் கலக்கினார்.
ஏற்கெனவே கலக்கிய காபி.

மூன்று இரவு ஆண்டறிக்கை படித்தேன்.
சிரிக்கும் குழந்தைகள் முதல் முப்பது பக்கத்தில்.
வழக்குகள் இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில், எறும்பெழுத்தில்.
காப்புரிமை முடியும் வருடங்களை
மின்கட்டண உறையின் பின்னால் குறித்துக்கொண்டேன்.
விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது
இந்தப் புத்தகத்தில் செல்லாது.
குணமாக்கிவிடும் மருந்துக்கு ஒரு பத்தி,
சாகும்வரை விழுங்கவேண்டிய மாத்திரைக்கு ஓர் அத்தியாயம்.
வெட்கமில்லாமல் சொல்கிறேன்,
அந்த அத்தியாயம் எனக்கும் பிடித்திருந்தது.

விலை அறுபத்தேழு. கொஞ்சம் கூடுதல்.
கைபேசியில் ஒரு கட்டளை போட்டுவைத்தேன்:
அறுபத்தொன்றே காலுக்கு இறங்கினால்
ஆயிரம் பங்கு வாங்கு.
வலை விரித்தவன் கரையில் உட்கார்ந்திருக்கலாம்.

கீழ்த்தளத்து லூட்ஸி, ஓய்வுபெற்ற தபால்காரர்,
அந்தச் சோதனையில் இருக்கிறார்.
காலையில் ஒன்று, இரவில் ஒன்று.
மருந்தா, வெறும் மாவா,
விழுங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது.
சலவை அறையில் எங்கள் முறை மாறும் செவ்வாய்க்கிழமை
காலுறையை இறக்கிக் காட்டினார்.
"வீக்கம் குறைந்த மாதிரி இல்லை?"
கணுக்காலைக் கட்டைவிரலால் அமுக்கினார்.
குழி விழுந்தது.
அது நிரம்பும்வரை நான் மனதுக்குள் எண்ணினேன்.
ஒன்பது.
போன மாதம் பதினான்கு.

உள்ளிருப்பவனுக்கு மட்டும் தெரிந்த செய்தியை வைத்து
பங்கு வாங்குவது குற்றம் என்கிறார்கள்.
ஒரு கிழவரின் கணுக்கால் அதில் சேருமா?

அன்றிரவுதான் முதன்முறையாக யோசித்தேன்,
அறுபத்தொன்றே கால் வரவேண்டுமானால்
எது நடக்கவேண்டும் என்று.
எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபமாம்.
என் வீதியில் எதுவும் எரியவில்லை.
நான் மட்டும் வாசலில் நிற்கிறேன், சாக்குப்பையோடு,
மூக்கை உறிஞ்சி, புகை வருகிறதா என்று.

அக்டோபரில் ஒரு வியாழன்.
சோதனை முடிவு தள்ளிப்போகிறது, ஒற்றை வரி அறிவிப்பு.
அறுபத்து மூன்று. அறுபத்திரண்டு.
கடைசி நிறுத்தத்தில் எனக்கு ஆறு நிமிடம் ஓய்வு.
சாண்ட்விச்சைப் பிரிக்கவில்லை.
அறுபத்தொன்று முப்பது.
இன்னும் ஐந்து ராப்பன்,
எங்கள் நாணயங்களில் மிகச் சிறியது,
தரையில் கிடந்தால் பள்ளிப்பிள்ளைகூடக் குனியாது.
இறங்கு, என்றேன்.
வாய்விட்டுத்தான் சொன்னேன்.
பின்னிருக்கையில் ஒரு பெண்
தன்னைச் சொல்வதாக நினைத்து இறங்கிவிட்டாள்.

விலை திரும்பி ஏறியது.

கட்டளையை நீக்கவில்லை.
மாதக் கடைசியில் தானாகக் காலாவதியாகும்,
என் கை படாமல்.

வெள்ளிக்கிழமை லூட்ஸியின் துணிகள்
இயந்திரத்திலேயே ஈரமாகக் கிடந்தன.
ஆளைக் காணோம். இரண்டு முறை மணியடித்தேன்.
எடுத்து உலர்த்தினேன்: சட்டைகள், துண்டு, ஒரு மேசைவிரிப்பு,
கடைசியில் காலுறைகள்.
கொடியில் மாட்டுமுன்
விளிம்பை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தேன்,
எவ்வளவு விரிந்திருக்கிறது என்று.