அரைப்பேர்

தினுஷனுக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது.
அதில் வரவேற்புப் பணம் வந்தது, போனது,
பிறகு அவனுடைய பணமும் போனது.
ஒரு ஆளுக்கு ஒரு கணக்குதான் என்று மூடிவிட்டார்களாம்.
"அதனால அக்கா, அம்மா பேர்ல ஒன்னு."

பொகவந்தலாவை பஸ் நிலையத்துக்குப் பின்னால் என் கடை.
ரீலோட், போட்டோ கொப்பி, பாஸ்போர்ட் சைஸ் படம்,
குவைத்துக்குப் போகிறவர்களுக்கு விண்ணப்பம்.
பத்து வருடத்தில் நான் நிரப்பாத படிவம் இல்லை.
ஏன், எதற்கு என்று கேட்கிற பழக்கமும் இல்லை.
முந்நூறு ரூபாய் சொன்னேன்.

மருதாயி வந்தாள்.
இடுப்பிலிருந்து ஈரப் படங்கை அவிழ்த்து
வாசலில் மடித்து வைத்தாள், செருப்பின் மேல்.
தலை சீவிப் பவுடர் போட்டிருந்தாள்.
"அஸ்வெசுமவுக்குத்தானே மக?"
நான் தினுஷனைப் பார்த்தேன்.
அவன் மழையைப் பார்த்தான்.
ஆமா என்று சொன்னது யார், இப்போது நினைவில்லை.
நானாக இருக்கலாம்.

பெயர்.
அடையாள அட்டையில் மருதாயி.
பிறப்புச் சான்றிதழில் மருதை,
எழுபத்தொன்றில் ஏதோ ஒரு கிளாக்கரின் அவசரத்தில்
ஆம்பிளையாகிப் போன பிள்ளை.
"ரெண்டும் நாந்தான்."
அட்டை எண்ணில் பிறந்த நாளோடு ஐந்நூறு கூட்டியிருந்தது,
பொம்பிளை என்று அரசாங்கத்துக்கு விளங்குவதற்கு.

முகவரி.
எந்தப் படிவமும் இங்கேதான் மக்கர் பண்ணும்.
வீதியைக் கேட்டது. வீட்டு எண்ணைக் கேட்டது.
லயத்துக்கு வீதி இல்லை.
ஆறாம் காம்பராவின் லைட் பில்லில் இவள் பேர் இல்லை.
கடிதம் தோட்டத்து ஒபீசுக்கு வரும்,
யாருக்காவது ஞாபகம் வந்தால் மேலே ஏறும்.
வீதி என்ற இடத்தில் மேல் டிவிசன் என்று போட்டேன்.
பச்சையாக ஒரு சரி விழுந்தது.
பிரதேச செயலகத்தில்
மூன்று தடவை நாள் போக்கியும் விழாத சரி.

தொழில்: கணக்காளர், வைத்தியர், விமானி,
கொழுந்து இல்லை. மற்றவை என்பதை அமுக்கினேன்.
அரசியலில் செல்வாக்குள்ள பதவி வகித்தவரா நீங்கள்?
வேடிக்கைக்கு அதைத் தமிழில் வாசித்தேன்.
"எலெக்சனுக்கு மலைக்கு வருவாங்க,
கூடைய வாங்கி மாட்டிப் போட்டோ புடிப்பாங்க.
கூடைய மறக்காமத் திருப்பிக் குடுப்பாங்க."
இல்லை என்று போட்டேன்.
ஒரு நாளில் எவ்வளவு வரை இழக்கச் சம்மதம்?
அதை வாசிக்கவில்லை.

கடைசியில் முகம்.
வட்டத்துக்குள் வை. இடப்பக்கம் திரும்பு. வலப்பக்கம்.
கண்ணை மூடித் திற.
போன் சொன்னதை நான் சொன்னேன்,
நான் சொன்னதை அவள் செய்தாள்,
டிக்கோயா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேக்கு நிற்பதுபோல
மூச்சைப் பிடித்துக்கொண்டு.
சிரிக்கவும் சொன்னது.
உதட்டை மூடிக்கொண்டு சிரித்தாள். போதவில்லை.
இன்னும் கொஞ்சம் என்றேன்,
பல் விழுந்த இடம் தெரியும்வரை.

உறுதிசெய்யப்பட்டது.
வருக, மதிப்புக்குரிய மருதாயி.
அந்த வரியை மட்டும் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள்.
"மதிப்புக்குரியன்னா போட்டுருக்கு?"

பாதிக் கொழுந்தோடு மலையிலிருந்து இறங்கி வந்திருந்தாள்.
"இன்னைக்கு அரைப்பேர்தான், பரவால்ல"
என்று படங்கைக் கட்டிக்கொண்டு போனாள்.
மீதிச் சில்லறையைத் தினுஷன் வாங்கிக்கொண்டான்.

அவளுக்கு மின்னஞ்சல் இல்லையென்று என் கடையுடையதைக் கொடுத்திருந்தேன்.
ஒபீஸ், கங்காணி யாரையும் சுற்றாமல்
வாரத்துக்கு இரண்டு கடிதம் நேரே வருகிறது:
மருதாயி, உங்களைக் காணவில்லையே.
மருதாயி, இருபது சுற்று இலவசம்.
பிறந்த நாளுக்கும் ஒன்று வந்தது, அட்டையிலுள்ள தேதிக்குச் சரியாக.
தினுஷன் கொழும்பில், ஏதோ பேக்கரியில் என்கிறார்கள்.

சம்பளத்தன்று டவுனுக்கு இறங்கினால்
ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே கையை விரிப்பாள்:
வந்துருச்சா?
கண்ணாடித் தட்டுக்குப் பின்னால் நின்று
நான் இடப்பக்கம் திரும்புகிறேன்,
வலப்பக்கம்,
கண்ணை ஒருதரம் மூடித் திறக்கிறேன்.