வெள்ளிக்கிழமை வெள்ளி

எங்கள் ஆற்றுக்கு வாரத்தில் மூன்று நாள் விடுமுறை.
அக்கரை கெடா, வெள்ளியும் சனியும்.
இக்கரை பினாங்கு, சனியும் ஞாயிறும்.
அதனால் வெள்ளிக்கிழமைதான் எனக்கு வெள்ளி புழங்கும் நாள்.
தொழுகை முடிந்ததும் பாலத்திலிருந்து
மோட்டார்கள் சரம் சரமாய் இறங்கும்:
ஆணிக்கு, நைலான் கயிற்றுக்கு, கேஸ் தோங்குக்கு.
ஞாயிறன்று அவர்கள் ஆபீசில்.
நான் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன்.

கும்பினிக்காரன் கோடு போடச் சோம்பல்பட்டு
ஆற்றையே எல்லை என்றானாம்.
ஆறென்ன, அவன் மேசைமேல் அளவுகோலா?
மழைக்கு மழை புரண்டு படுக்கும்.
ஒருமுறை தான் எங் சூனின் குடும்பத்து வாழைக்கொல்லை
இரவோடிரவாகக் கெடாவுக்குப் போய்விட்டது;
வரிச்சீட்டு மட்டும்
பினாங்கிலிருந்தே வந்துகொண்டிருந்தது.

கடையை எனக்கு விற்ற வயிரப்பன்
பழைய பேரேடுகளையும் சேர்த்தே எடை போட்டார்.
கரும்பு இருந்த வருஷங்களில் கையெழுத்து மணிமணியாய்.
பால்மரக் காலத்தில் சாய்கிறது.
ஜப்பான்காரன் நாளில் பக்கமே இல்லை,
அட்டையின் உட்புறம் மட்டும், பென்சிலில்:
அரிசி அக்கரையில் மலிவு. நிலா இல்லாத நாள்.
யார் எழுதியதென்று
வயிரப்பனுக்கும் தெரியவில்லை.

இப்போது மணல்.
எங் சூனின் படகுகள் ஆற்றின் வயிற்றைத் தோண்டித்
தீவுக்கு அனுப்புகின்றன.
அங்கே அது இருபத்தெட்டு மாடி.
இங்கே என் பின்சுவர் ஒரு விரல் பிளந்திருக்கிறது.
சிமெண்டும் நான்தான் விற்கிறேன்,
யாரிடம் போய்ச் சொல்ல?

தொற்று வந்த ஆண்டு பாலத்தில் போலீஸ் கூடாரம்.
அதுவரை எல்லை என்றால் எங்களுக்கு
சீனி விலையில் பத்துக் காசு வித்தியாசம்.
ரோகாயாவுக்கு வீடு அக்கரை,
நாசி லெமாக் கடை இக்கரை,
கேஸ் பாக்கி என்னிடம், நாற்பத்து மூன்று.
மூன்றாம் வாரம் மணல்படகொன்று, காலியாக,
காரியமே இல்லாமல் இரண்டு கரையையும் தொட்டது.
படகுக்காரன் நீட்டிய மைலோ டின்னில்
ஈரமான ஐம்பது வெள்ளித் தாள்.
மீதியைக் கொடுத்தனுப்புமுன்
படகையும் நிறுத்திவிட்டார்கள்.
எழுதி வைத்தேன்: ரோகாயா, தர வேண்டியது ஏழு.

பாலம் திறந்தது ஒரு வெள்ளிக்கிழமை.
முதல் மோட்டாரில் வந்தாள்.
முகக்கவசத்துக்கு மேலே கண்கள் இளைத்திருந்தன.
நலம் கேட்க நான் வாயெடுக்குமுன்
கையை நீட்டினாள்:
"ஏழு வெள்ளி."