எட்டாம் வாய்ப்பாடு

ஆறரைக்குக் கூட்டம்.
ஐந்தே முக்காலுக்கே சாவி வாங்கிவந்து
கதவைத் திறந்துவிட்டேன்.
கொருக்குப்பேட்டை மாநகராட்சிப் பள்ளி,
மூன்றாம் வகுப்பு, முழங்கால் இடிக்கிற பெஞ்சுகள்.
கரும்பலகையில் வெள்ளிக்கிழமையின் வாய்ப்பாடு
எட்டாறு நாற்பத்தெட்டோடு நின்றிருந்தது.
மணி அடித்திருப்பார்கள்.
அழிக்க மனசு வரவில்லை.

குடியை விட்டுப் பதினாலு மாசம்.
"இந்த வாரம் நீதான் ஆரம்பிக்கற"
தயாளன் சொல்லிவிட்டார்.
சட்டைப்பையில் ஒரு தாள்.
'பேரன்புமிக்க நண்பர்களே, உங்கள் அனைவரையும்'
மணலி ரோட்டில் கண்டெய்னர்கள் நகராத நேரமெல்லாம்
சொல்லிப் பார்த்தேன்.
"இன்னாபா, எலெக்‌ஷன்ல நிக்கிறியா?"
டிரைவர் சிரித்தான்.

பெஞ்சுகளை வட்டமாகப் போட்டேன்.
வாசல் பக்கம் மட்டும்
ஒரு பெஞ்சைத் தனியாக விட்டேன்.
முதல்முறை வந்த அன்று
ஒன்பது பேரின் முழங்கால்களைத் தாண்டித்தான்
எனக்கு இடம் கிடைத்தது.
காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை
வெயிலில் நடந்தாற்போல் இருந்தது அது.
பாதியில் திரும்பியிருப்பேன்.
திரும்பவும் அதே ஒன்பது முழங்கால்.

ஆறரை. ஒருவரும் இல்லை.
ஜன்னலுக்கு வெளியே சரக்கு வண்டி,
முப்பத்தெட்டு வேகன் வரை எண்ணினேன்.
பிறகு கேட் தூக்கிய சத்தம், ஹாரன்கள்,
மொத்தமாக வந்தார்கள்:
தயாளன், ஜெசிந்தா, முனிரத்தினம்,
பிளாஸ்க்கோடு காதர் மொய்தீன்.

கடைசியாக ஒருத்தன்.
செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று
படியிலேயே நின்றான்.
கம்பெனிச் சட்டை, பட்டன் மாற்றிப் போட்டது.
காற்று அவன் பக்கமிருந்து வீசியபோது
எங்கள் எல்லாருக்கும்
அந்த வாசனை தெரிந்தது.
எல்லாரும் அவனைப் பார்க்காமல்
என்னைப் பார்த்தார்கள்.

தாளை எடுத்தேன்.
பேரன்புமிக்க என்று வாய் வரைக்கும் வந்தது.
"கேட் போட்டுட்டானா?" என்றேன்.
"ஆமாண்ணே. ரெண்டு வண்டி."
"எப்பவும் அப்டித்தான். குந்து."

குந்தினான், வாசல் பெஞ்சில்.
அது ஆடியது.
தாளை நாலாக மடித்து
அதன் காலுக்கு முட்டுக் கொடுத்தேன்.
பேரை யாரும் கேட்கவில்லை.
காதர் ஊற்றிய டீயை
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டீ தளும்புவது நின்ற பிறகு
யாரிடமும் இல்லாமல் சொன்னான்:
"அம்பத்தாறு."

"அறுபத்து நாலு" என்றாள் ஜெசிந்தா.

அப்படித்தான் ஆரம்பித்தது
அன்றைய கூட்டம்.