எச்சம்

பல்லாரட்டில் ஜூலை. ஹீட்டர் என் கால்களுக்கு மட்டும்.
மேசைமேல் மல்லாந்திருக்கிறார்
மாண்புமிகு சர் அகஸ்டஸ் வெயின்ரைட்,
எஃகில் செதுக்கித் தாளில் அழுத்தப்பட்டவர்,
நூற்றைம்பது வருஷம்
யார் வீட்டு மாடிப்படியிலோ தொங்கியவர்.

நெற்றியில் ஈ எச்சம். பதினேழு. எண்ணிவிட்டேன்.

இதற்குத் திரவங்கள் உண்டு, விலையும் உண்டு.
எல்லாவற்றையும்விட நன்றாகக் கேட்பது எச்சில்தான்.
பஞ்சை நாக்கில் தொட்டு
ஒரு புள்ளிமேல் உருட்டி உருட்டி எடுக்க வேண்டும்.
வேலைக்கு முன் காபி கூடாது,
அவ்வளவுதான் ஆசாரம்.

தண்ணீர்ச் செம்பைக்கூட அண்ணாந்து குடிக்கிற வீடு எங்களுடையது.
அம்மாவிடம் போனில் சொன்னேன்:
ஒரு மந்திரி முகத்தில் எச்சில் வைக்கிறேன்,
சம்பளம் தருகிறார்கள்.
எந்தக் கட்சி, என்றாள்.

கட்சி தெரியவில்லை.
கூட வந்த குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்:
கப்பலில் இறங்குகிறவன் தோலைப் பார்த்து
தலைவரி போடச் சொல்லி
மூன்று மணி நேரம் பேசினாராம், தண்ணீர் குடிக்காமல்.
அதன்பின் என் வாய் கொஞ்சம் தாராளமாக ஊறியிருக்கலாம்.
வேலையில் குறையில்லை.

பிறகுதான் கையைப் பார்த்தேன்.

முகமெல்லாம் கோடு, குறுக்குக்கோடு,
கட்டத்துக்கு நடுவே ஒரு புள்ளி.
புகைப்படத்தைப் பார்த்துக் கடமைக்குச் செய்த முகம்.
கை அப்படியில்லை.
புத்தகத்தின்மேல் வைத்த வலது கை.
சுண்டுவிரல் உள்வளைந்து,
கட்டைவிரல் நகம் பிளந்து,
முட்டியருகே அமிலம் தின்ற வடு.
சட்டசபைக்குப் போகிற கையா இது?

புகைப்படம் மார்போடு முடிந்திருக்கும்.
கை வேண்டும், கௌரவமாக, என்றிருப்பார்கள்.
கைக்கென்று கூலி கொடுத்து
ஆளை உட்காரவைக்க யாரிடம் காசு?
வலது கையில் உளி.
சும்மா கிடந்தது இடது.
பார்த்தபடியே வெட்டினால் போதும்,
அச்சில் அது வலதாகிவிடும்.

சட்டம் மறைத்திருந்த கீழ் ஓரத்தில்
அரிசி நொய் அளவு எழுத்து:
ஜே. ட்ரெவெனா செதுக்கியது.
தேதி இல்லை. ஊர் இல்லை.

நெற்றி வெளுத்துவிட்டது.
பிளந்த நகத்தின் பக்கத்திலும் ஓர் எச்சம் இருந்தது,
முன்பு நான் எண்ணாதது.
புதுப் பஞ்சை உதடுவரை கொண்டுபோய்,
ஏனோ,
குழாய்த் தண்ணீரில் நனைத்தேன்.
போகவில்லை.

அறிக்கையில் எழுதினேன்:
பதினெட்டில் பதினேழு அகற்றப்பட்டன.
ஒன்று இருக்கிறது.